வராதவர் பெயர்

"வராதவங்க பேரை எதுக்கும்மா கூப்பிடறே? அவங்கதான் வரலையே?"

இதைக் கேட்டது ஐந்து வயதுப் பெண். கேட்கப்பட்டவள் அவளுக்கு அம்மா, அந்த நேரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சரும்கூட. வகுப்பில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லி அழைத்து வந்திருந்தும் குழந்தை மறந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் வருகைப் பதிவேட்டின்மேல் பேனாவை வைத்தபடி யோசித்தாள். தினமும் இருபத்தெட்டுப் பெயர்களைக் கூப்பிடுகிறாள். இப்படி ஒரு கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"கூப்பிட்டாத்தானே பாப்பா, அவன் ஏன் வரலைன்னு தெரிஞ்சவங்க எழுந்து சொல்லுவாங்க."

சொல்லி முடிக்கும் முன்பே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்துவிட்டான். வராதவனுக்குக் காய்ச்சல் என்றும், வாந்தி எடுத்ததைத் தானே பார்த்ததாகவும் சொன்னான். தன் பதில் அவ்வளவு சீக்கிரம் உண்மையானதில் டீச்சருக்கு ஒரு சின்னப் பெருமை. உலகம் அப்படித்தான் நடக்கிறது என்று அவள் உள்ளபடியே நம்பினாள். ஒருவர் இல்லாத இடத்தில் அவருக்காக எழுந்து நிற்க இன்னொருவர் இருப்பார். கடவுள் மனிதர்களை அதற்காகத்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து, முப்பத்தெட்டாவது வயதில், அவள் வேலையை விட்டுவிட்டு வேறொரு நாட்டுக் கல்லூரியில் மாணவியாகப் போய்ச் சேர்ந்தாள். எழுத்து கூடாத, எண் பிடிபடாத பிள்ளைகள் வகுப்புக்கு மூன்று பேராவது இருக்கிறார்கள். அவர்களை அடிக்காமல், ஒதுக்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது அங்கே ஒரு தனிப் படிப்பாகவே இருந்தது. படித்து முடித்து வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பறை ஒதுக்கித் தருவதாகப் பள்ளி நிர்வாகி வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது. மொத்தம் பதினாறு மாதம். கணவர் மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வாராவாரம் திரையில் முகம் பார்த்தே பன்னிரண்டு மாதம் ஓடிவிட்டது. இன்னும் நான்கே மாதம் மிச்சம்.

அவள் தங்கியிருந்த வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பூச்சிகளின் குடலில் வாழும் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். அந்தத் தகுதியில் வீட்டில் யாருக்கு எது வந்தாலும் வெந்நீர் குடிக்கச் சொல்லுவாள், அதனால் பெயர் டாக்டரம்மா. இன்னொருத்திக்கு இருபத்து மூன்று வயது. சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படித்தாள். பாத்திரம் கழுவுவது யார் முறை என்று கேட்டால்கூட மூன்று பக்க வாதம் வைப்பாள். அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது டீச்சர்தான்.

வக்கீல் வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "உள்ளேன் டீச்சர்," என்று குரல் கொடுப்பாள். அடுப்படியிலிருந்து டீச்சர், "தாமதம்," என்பாள். "பேருந்து தாமதம் டீச்சர், நான் சரியாத்தான் வந்தேன்." அன்றாடம் இதே வழக்கு.

வக்கீலின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. வீட்டில் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவைத்திருந்தார்கள். படிப்பைக் காட்டி இரண்டு வருடம் தவணை வாங்கி வந்திருந்தாள். "படிப்பு என்னைக்கு நிக்குதோ, அன்னைக்கே எனக்குத் தாலி, டீச்சர். நான் இங்க படிக்கிறது பாடம் இல்ல, தவணை," என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த வருடம் நடுவில்தான் அரசாங்கம் புதிய விதி கொண்டுவந்தது. வெளிநாட்டு மாணவர்கள் வகுப்புக்கு வருகிறார்களா என்று இனிக் கல்லூரிகள் வாரந்தோறும் குடியேற்றத் துறைக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தவறினவர்களின் எண்ணிக்கை கூடினால், அந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையையே இழக்கும். ஒரே வாரத்தில் எல்லா வகுப்பறைக் கதவுகளுக்கும் பக்கத்தில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி முளைத்தது. அடையாள அட்டையை அதில் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வந்ததாகப் பொருள். உள்ளூர் மாணவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் பேசிக்கொண்டே பெட்டியைத் தாண்டிப் போவார்கள். இவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

முதல் நாள் அந்த வரிசையில் நின்றபோது டீச்சருக்கு மனம் என்னவோ செய்தது. பெட்டி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வராதவன் ஏன் வரவில்லை என்று யாரும் எழுந்து சொல்ல அதில் இடமும் இல்லை.

மாணவர்களுக்குள் சீக்கிரமே ஒரு பேச்சு வந்துவிட்டது. "எனக்கும் ஒரு பச்சை வாங்கிடு" என்றால், என் அட்டையையும் காட்டிவிடு என்று அர்த்தம். வேலை முடிந்து அசந்து தூங்குகிறவனுக்காகக் கூட இருக்கிறவன் இரண்டு அட்டையோடு போவான். டீச்சர் மட்டும் அதற்கு ஒப்பவில்லை. அடுத்தவனுக்காக உள்ளேன் ஐயா சொன்ன எத்தனையோ பிள்ளைகளைக் காது திருகியவள் அவள். "என் அட்டையை நீங்க யாரும் தொடக் கூடாது, உங்க அட்டையை நானும் தொட மாட்டேன்," என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். வக்கீல் அதற்கும் ஒரு மறுவாதம் வைத்தாள், எடுபடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சருக்கு வயிற்றில் வலி கிளம்பியது. டாக்டரம்மா வெந்நீர் கொடுத்தாள். பதினோரு மணிக்கு வலி வலப்பக்கம் இறங்கி, நிற்க முடியாமல் குளியலறைத் தரையில் சரிந்தபோது, டாக்டரம்மா இரண்டாவது டம்ளர் வெந்நீரோடு நின்றாள். வக்கீல்தான் அதைத் தட்டிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் வாதமே செய்யவில்லை. அவசரத்தில் கைக்கு வந்த தன் கோட்டை டீச்சருக்குப் போர்த்தி, மிஞ்சிய டீச்சரின் கோட்டைத் தான் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒவ்வொரு குலுங்கலுக்கும் டீச்சர் அவள் கையை நெரித்தாள். அந்தக் கை விலகவே இல்லை. டீச்சருக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது, இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

டீச்சரை உள்ளே கொண்டுபோன பிறகு, வக்கீல் இரண்டு மணி வகுப்புக்குக் கல்லூரிக்கு ஓடினாள். அந்த மாதம் இன்னொரு வகுப்பு தவறினால் அவள் பெயரே குடியேற்றத் துறைக்குப் போய்விடும். மாடிப்படி ஏறும் வழியில்தான் டீச்சருக்கும் அதே நேரம் வகுப்பு இருந்த அறை. போட்டிருந்த கோட்டுப் பையில் கையை விட்டாள். டீச்சரின் அட்டை இருந்தது. பாவம், இதுக்கும் சேர்த்து இவங்க கஷ்டப்படணுமா என்று நினைத்துப் பெட்டியில் காட்டினாள். பச்சை எரிந்தது. எரியும் விளக்கை யாரோ மறந்துவிட்டுப் போனால் அணைத்துவிட்டு வருவோமே, அப்படி ஒரு காரியம் அவளுக்கு. செய்தாள், மறந்தும்விட்டாள்.

டீச்சர் தேறி வந்ததும் ஒரு கட்டுரையை முடிக்க இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள். ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்தாள். நேர்மையானவர்கள் செய்யும் நேர்மையான வேலை. கல்லூரியின் கணினி இரண்டு தகவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. செவ்வாய் மதியம் இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு இந்த மாணவி வகுப்பறை வாசலில். அதே நேரத்துக்கு அறுவை மேசையில். இரண்டில் ஒன்று பொய். விளக்கம் தராவிட்டால் சேர்க்கை ரத்தாகும் என்று கடிதம் வந்தது. சேர்க்கை போனால் விசாவும் போகும்.

டீச்சர் அந்தக் கடிதத்தை அடுப்படியில் வாசித்துக் காட்டியபோது வக்கீல் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் டீச்சர். உங்க கோட்டுல அட்டை இருந்துச்சு."

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. வயிற்றுத் தையல் இழுக்க, மெல்ல அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லது நினைத்துத்தானே செய்தாய் என்று தலையைத் தடவினாள். விசாரணைக்குத் தானே வந்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதாக வக்கீல் கேட்காமலே சொன்னாள். "என் வாழ்க்கையிலயே முதல் வழக்கு டீச்சர் இது. ஜெயிச்சுக் காட்டறேன்," என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் நலனுக்கென்று ஓர் அதிகாரி இருந்தார். நரைத்த தலை, இனிமையான பேச்சு. வந்த முதல் வாரத்தில் மழையில் நனைந்து நின்ற டீச்சருக்குத் தன் குடையைக் கொடுத்தவர். இங்கே என்னை உங்கள் அம்மாவாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னவர். டீச்சர் அவரிடம் போனாள். கதவைச் சாத்திவிட்டு அவர் எல்லாவற்றையும் கேட்டார். உண்மையைச் சொன்னால் போதும், ஒன்றும் ஆகாது, இந்த அறையில் பேசியது இந்த அறையோடு என்றார். தோழி ஒருத்தி உதவி என்று நினைத்துச் செய்தது என்று டீச்சர் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. அதை அவளே வந்து சொல்லட்டும் என்று இருந்தாள்.

விசாரணை வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. நீள மேசை, எதிரே மூன்று பேர். டீச்சருக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் நலன் அதிகாரி வந்து உட்காருவார் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம், மூன்று பேரோடு நான்காவதாக உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்து வாசித்தார். சாத்திய கதவுக்குள் டீச்சர் சொன்னதெல்லாம் தேதி போட்டு, நேரம் போட்டு, அந்தத் தாளில் இருந்தது. தோழி ஒருத்தி செய்ததாக மாணவி ஒப்புக்கொண்டார் என்று முடிந்தது. அதே இனிமையான குரல்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. புதிய விதிப்படி மறைத்தால் அவர் வேலை போகும். ஆனால் அம்மா என்று நினைத்துக்கொள் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அட்டையைக் காட்டியவர் பெயரைச் சொன்னால், மாணவிக்குத் தெரியாமல் நடந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் காட்டியவரைப் பற்றிக் குடியேற்றத் துறைக்கு எழுத வேண்டிவரும் என்றார் நடுவில் இருந்தவர். சாட்சி வருகிறாள் என்றாள் டீச்சர். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். மேசையில் இருந்த தண்ணீரை ஒருவர் குடித்தார். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டீச்சர் கதவைப் பார்த்தாள். உள்ளேன் டீச்சர் என்று ஒரு குரல் வரும் என்று கடைசிவரை இருந்தாள். நாற்காலிகள் இரண்டும் காலியாகவே இருந்தன.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு படிவத்தில் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இல்லாவிட்டால் அறுபது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது வக்கீலின் அலமாரித் தட்டு காலியாக இருந்தது. படுக்கை விரிப்பு நாலாய் மடிந்திருந்தது. காலையிலேயே இரண்டு பையோடு போய்விட்டாள், எங்கே என்று சொல்லவில்லை என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வெந்நீர் வைத்தாள்.

நான்கைந்து முறை கூப்பிட்ட பிறகு வெள்ளிக்கிழமை வக்கீல் போனை எடுத்தாள்.

"நேத்து உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் டீச்சர்.

"தெரியும்."

"வர முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பதில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் வந்தது. "என் பேரைச் சொல்லாதீங்க டீச்சர். சொன்னாலும் நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். உங்க அட்டையை நான் பார்க்கவே இல்லை. அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்கே வரலை. யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன்."

"ஆஸ்பத்திரிக்கே வரலையா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வராமல் போனதைவிட இந்த வார்த்தைதான் டீச்சரைத் தைத்தது. பயத்தில் ஒரு பெண் ஓடி ஒளிவதை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் வண்டியில் பிடித்திருந்த அந்தக் கையையே இல்லை என்கிறாளே. அப்படியானால் அது யார் கை? செய்த துரோகத்தை மறைக்கிறவர்கள் உண்டு. செய்த நன்மையை யாராவது மறுப்பார்களா?

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதி, தன்னைச் சேர்த்தபோது நிரப்பிய தாளின் நகல் வேண்டும் என்று கேட்டாள். கூட வந்தவர் கையெழுத்து அதில் இருக்கும். இல்லை என்று எப்படிச் சொல்கிறாள் பார்ப்போம் என்று மனசு கொதித்தது. திங்கட்கிழமை மதியம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் பேசினாள். "பேரை எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியாப் படி. நீ என்ன தப்பு பண்ணே?" என்றார் அவர். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மகள் திரைக்குள் முகத்தை நுழைத்து, முன்பல் விழுந்த ஓட்டையைக் காட்டினாள். எப்போது வருவாய் என்று வழக்கம்போலக் கேட்டாள். டீச்சர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை, பல் எப்படி விழுந்தது என்று கேட்டு மழுப்பினாள். அவர்கள் போன பிறகு படிவத்தை எடுத்து, வக்கீலின் முழுப் பெயரையும் தெளிவான கையெழுத்தில், கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதினாள். பிறகு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாள். வாய் வார்த்தைகளைச் சொன்னது. மனம் கூடவே போகவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் இருந்தவர், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தன் நாற்காலியை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டார். தாள் வரும்வரை அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். உறையைப் பிரிக்காமல் டீச்சர் பேருந்து ஏறினாள். நகல் எடுத்துப் படிவத்தோடு இணைக்க வேண்டும். நூலகத்தின் பின்னால் நகல் அறைக்குப் போனபோது மணி நாலு இருபது. அறையில் யாரும் இல்லை. நகல் எடுக்கும் இயந்திரம் ஒரு பக்கம், வேண்டாத தாளை நார் நாராகக் கிழிக்கும் இயந்திரம் ஒரு பக்கம். இயந்திரத்தில் வைப்பதற்காகத் தாளை எடுத்து விரித்தாள்.

வக்கீலின் கையெழுத்து. வழக்கமாக மணி மணியாக எழுதுகிறவள். இதில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நோயாளியின் வயது என்ற இடத்தில் முப்பத்திரண்டு என்று இருந்தது. டீச்சருக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. ஏழு வயதைத் தள்ளுபடி செய்திருந்தாள், கழுதை.

ஒவ்வாத மருந்து என்ற இடத்தில் ஒரு மருந்தின் பெயர் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. அந்த மருந்தால் பிரசவத்தின்போது மூச்சடைத்துப் பிழைத்ததை டீச்சர் எப்போதோ ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே சொல்லியிருந்தாள். சொன்னது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அன்று வக்கீல் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தாள்.

கடைசி வரி: அழைத்து வந்தவருக்கு நோயாளியோடு உறவு. அங்கே முதலில் ஏதோ எழுதி அடித்திருந்தது. தோழி என்று எழுதியிருப்பாள். தோழி கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லியிருப்பார்கள். அடித்ததற்குப் பக்கத்தில், அழுத்தி, தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நேரம் பன்னிரண்டு ஐம்பது.

டீச்சர் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். பூச்சு உதிரும் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தாளைக் கொடுத்தால் வழக்கு முடிந்தது. பெயர், நேரம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. அவள் இல்லை என்று சொல்ல வாய் திறக்க முடியாது. தங்கை என்று பொய் எழுதியதும் குற்றத்தில் சேர்ந்துகொள்ளும். நான்கு மாதம் கழித்துச் சான்றிதழ், வகுப்பறை, எண் பிடிபடாத பிள்ளைகள்.

மூன்று நாளாக அவள் தேடியது ஒரு சாட்சியை. இப்போது கையில் வைத்திருந்தபோது, அது அந்த நான்கு பேருக்காகத் தேடியது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கை உண்மையில் இருந்ததா என்று அவளுக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது. இருந்திருக்கிறது. பிறகு பயந்துபோய் அது விட்டுவிட்டது என்பதும் உண்மைதான். அது வலிக்கத்தான் செய்தது, மன்னித்துவிட்டேன் என்று கடவுளிடம் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. ஆனால் பிடித்ததை அது அழித்துவிடவில்லை.

வக்கீலுக்குத் திரும்பிப் போக மாமன் வீட்டு வாசல் ஒன்றுதான் இருந்தது, அதற்குள் போனால் வெளியே வர முடியாது. தனக்குக் காத்திருக்கிற வாசலில் முன்பல் விழுந்த ஒருத்தி நிற்கிறாள்.

டீச்சர் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். தான் அவ்வளவு தெளிவாக எழுதிய பெயரை ஒருமுறை, வகுப்பில் கூப்பிடுகிற குரலில், மெல்ல வாய்விட்டு வாசித்தாள். பதில் வரவில்லை. வராதவள் ஏன் வரவில்லை என்று தெரிந்த ஒருத்தி மட்டும் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் படிவத்தை, தாள் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டாள். பிறகு ஆஸ்பத்திரித் தாளை. அது மேலிருந்து மெல்ல உள்ளே போனது: பெயர், முப்பத்திரண்டு, இரண்டு கோடு போட்ட மருந்து. கடைசியாகத் தங்கை போனது. நார்கள் கூடைக்குள் விழுந்து அடங்கியதும் இயந்திரம் தானாகவே நின்றது. டீச்சர் அறையின் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அப்போது மணி நாலு ஐம்பது.